பாம்புக் குழாயின் வாயில் மஞ்சள் துணி

புதுச்சத்திரம்,
ஜூலை 27, ஞாயிறு.

இயேசுவுக்குப் புகழ்.

அன்புள்ள இசை அக்காவுக்கு மதி எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் மூன்று ஆடுகளும் நலம். அப்பாவின் இடது கால் மட்டும் நலமில்லை. ராஞ்சியில் நீ நலமா? மடத்தில் வாரத்துக்கு ஒரு நாளாவது சோறு போடுகிறார்களா, இன்னும் சப்பாத்திதானா என்று அம்மா கேட்கச் சொன்னார்கள்.

முதலில் ஒரு விஷயம். படித்து முடித்ததும் இதைக் கிழித்துவிடு. உங்கள் மதருக்குத் தமிழ் தெரியாது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். வேறு யாராவது தமிழ் சிஸ்டர் இதை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் படித்தால் எனக்கு இங்கேயே உயிர் போய்விடும்.

அப்பாவுக்குக் காலில் கருவேல முள் ஏறிவிட்டது. சர்க்கரை இருப்பதால் புண் ஆறவில்லை. ஆறு வாரம் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று சிதம்பரத்து டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் அப்பாவின் வேலையே நடப்பதுதான். நீ மடத்துக்குப் போன பிறகு சேர்ந்த வேலை என்பதால் உனக்குச் சரியாகத் தெரியாது. நம் பக்கம் பூமிக்கடியில் பெட்ரோலும் டீசலும் போகிற பெரிய குழாய் ஒன்று இருக்கிறது. சவுக்குத் தோப்பு, மல்லாட்டைக் கொல்லை, இறால் குட்டைக் கரை என்று போய், ஓர் இடத்தில் ரயில் பாதைக்கு அடியிலும் நுழைந்து வெளியே வருகிறது. அப்பா அதன் மேலேயே தினம் காலையில் எட்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். யாராவது பள்ளம் தோண்டுகிறார்களா, புல் கருகியிருக்கிறதா, வாசம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். லைன் வாக்கர் என்று அதற்குப் பெயர். இடுப்பில் ஒரு டப்பா மாட்டியிருப்பார். அவர் நடக்க நடக்க, கடலூர் ஆபீஸில் கம்ப்யூட்டரில் ஒரு புள்ளி நகருமாம். மூன்று நாள் புள்ளி நகரவில்லை என்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று கான்ட்ராக்டர் சொல்லியிருக்கிறார்.

அக்கா, பத்து நாளாக அந்தப் புள்ளி நான்தான்.

திட்டாதே. அப்பாவின் ஆரஞ்சு சட்டை, அப்பாவின் தொப்பி, முகத்தில் துப்பட்டா. அப்பாவும் ஒல்லி என்பதால் தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. முதல் நாள் அழுதுகொண்டே போனேன். இப்போது ஐந்தரைக்கே விழிப்பு வந்துவிடுகிறது! சவுக்குத் தோப்புக்குள் காற்று வந்தால் கடல் பக்கத்திலேயே இருப்பதுபோல் கேட்கிறது. மயில் ஒன்று என்னைக் கண்டால் இப்போதெல்லாம் ஓடுவதில்லை. யாரிடமும் பேச வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பில் சார் எழுந்து வாசிக்கச் சொல்லி, எனக்குக் குரலே வராமல், “பேரு அறிவுமதி, வாயில மட்டும் பூட்டு” என்று அவர் சொல்ல வகுப்பே சிரித்ததே, அதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். குழாய் என்னை எழுந்து வாசிக்கச் சொல்வதில்லை.

ரயில் பாதைக்கு அடியில் குழாய் சும்மா போகக் கூடாதாம், அது சட்டம். பேனாவுக்குள் ரீஃபில் இருப்பதுபோல், ஒரு பெரிய குழாய்க்குள் இந்தக் குழாய் போகிறது. ரீஃபில் ஒழுகினால் தெரிய வேண்டும் என்பதற்காக, பெரிய குழாயிலிருந்து பாதையின் இரண்டு பக்கமும் ஒரு மூச்சுக் குழாய் ஆள் உயரத்துக்கு எழுந்து, தலையைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கும். மஞ்சள் பெயின்ட். பார்த்தால் படமெடுத்த பாம்பு மாதிரியே இருக்கும்! சித்திரையில் அதன் பக்கத்தில் நிஜமாகவே ஒரு நல்ல பாம்பைப் பார்த்திருக்கிறார்கள். அன்றிலிருந்து பக்கத்து ஊர்ப் பெண்களுக்கு அது ஆத்தாவாகிவிட்டது. கிழக்குப் பக்கத்துக் குழாயின் வாயில் மஞ்சள் துணி சுற்றி, குங்குமம் வைத்து, பாலும் முட்டையும் வைக்கிறார்கள். தில்லையம்மாள் அத்தைதான் அவர்களுக்குத் தலைவி.

மூச்சுக் குழாயின் வாய் ஒருபோதும் அடைபடக் கூடாது, துணியை அவிழ்த்துவிடு என்று அப்பா தினமும் சொல்கிறார். வைகாசியிலேயே சூப்பர்வைசரிடமும் சொன்னாராம். அது ரயில்வே இடம், அவர்கள் அனுமதி இல்லாமல் கை வைக்க முடியாது என்று குழாய்க் கம்பெனி சொல்ல, குழாய் உங்களுடையது என்று ரயில்வே சொல்ல, காகிதம் போய்க்கொண்டே இருக்கிறதாம். அப்பா ஆள் இல்லாத நேரத்தில் தானே அவிழ்ப்பார், அவர்கள் மறுபடி கட்டுவார்கள். நான் இதுவரை அவிழ்க்கவில்லை. அடுத்தவர்கள் சாமியில் எப்படிக் கை வைப்பது? யாராவது பார்த்துவிட்டு என்னடி என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? அவிழ்த்துவிட்டேன் என்று அப்பாவிடம் பொய் சொல்லியிருக்கிறேன்.

நேற்றும் இன்றும் அங்கே ஒரு மாதிரி வாசம். புளித்த பாலா, உடைந்த முட்டையா, வேறு ஏதாவதா என்று சொல்லத் தெரியவில்லை. நாளைக்குப் பார்க்கிறேன்.

எங்களுக்காக வேண்டிக்கொள். கிழிக்க மறக்காதே.

உன் தங்கை,
மதி.


புதுச்சத்திரம்,
ஆகஸ்ட் 2, சனி.

அக்கா! அக்கா! நான் கத்தினேன்!

இயேசுவுக்குப் புகழ் என்று எழுத மறந்துவிட்டேன். புகழ், புகழ், ஆயிரம் முறை புகழ். தொண்டை இன்னும் எரிகிறது. இந்த எரிச்சல் போகவே கூடாது என்று இருக்கிறது. வரிசையாகச் சொல்கிறேன்.

நாளைக்குப் பார்க்கிறேன் என்று எழுதியதை ஒவ்வொரு நாளும் தள்ளிக்கொண்டே வந்தேன். நேற்று ஆடி வெள்ளி. ஏழு மணி வாக்கில் தோப்பைத் தாண்டும்போதே பெண்களின் பேச்சுச் சத்தம் கேட்டது. முப்பது பேருக்கு மேல் இருப்பார்கள். பொங்கல் பானை, கற்பூரத் தட்டு, வரிசையாக அகல் விளக்கு. நாற்பது அடிக்கு முன்பே வாசம் என் மூக்கில் அறைந்தது. பாலுமில்லை, முட்டையுமில்லை. பெட்ரோல் பங்கில் வண்டிக்குப் போடும்போது வருமே, அது! பாதை ஓரத்துப் பள்ளத்தில் புல்லெல்லாம் வெந்துபோனது போல் பழுப்பாக இருந்தது. மழைத் தண்ணீரின் மேல் மயில் தோகை நிறத்தில் எண்ணெய் மினுங்கியது. பெட்ரோல் ஆவி மேலே போகாது, தண்ணீர் மாதிரி பள்ளம் பார்த்து ஊர்ந்து போகும், எங்கோ நெருப்பைத் தொட்டு அங்கிருந்து திரும்பி வரும் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

தில்லை அத்தை கையில் தீப்பெட்டி.

சொல்ல வாயைத் திறந்தேன். பத்தாம் வகுப்பில் ஆனது போலவே நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. அத்தை முதல் குச்சியை உரசினார்கள். ராத்திரி மழையில் பெட்டி ஈரமாகியிருக்க வேண்டும், பற்றவில்லை. இரண்டாவது குச்சியை எடுத்தார்கள். அப்போதுதான் எங்கிருந்தோ வந்தது, அக்கா. “ஏத்தாதீங்க!” சவுக்கு மரத்துக் கொக்கெல்லாம் எழும்பிவிட்டது. அது என் குரல் என்று எனக்கே ஒரு நிமிஷம் தெரியவில்லை.

அத்தை திரும்பிப் பார்த்து, “எவடீ அவ? ஆத்தா பூசையில வந்து இன்னாடி கத்தற?” என்றார்கள். பின்னாலிருந்து ஒருத்தி, “லைன்காரரு பொண்ணு. மாதா கோயில்காரங்க. நம்ம சாமிக்கு வெளக்கு ஏத்துனா அவுங்களுக்குப் பொறுக்கல” என்றாள். முப்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஓடிப்போய் அத்தை கையிலிருந்த தீப்பெட்டியைப் பிடுங்கி இறால் குட்டையில் எறிந்துவிட்டேன்! பிறகு, “அத்த, சாமிய வேணாம்னு சொல்லல. கீழ பெட்ரோல் ஒழுவுது. மோந்து பாருங்க” என்றேன். அத்தை மூக்கை உறிஞ்சினார்கள். முகமே மாறிவிட்டது. “அடிப் பாவிங்களா, எவளோ தலைக்குப் புதுசா ஏதோ தைலம் தடவிக்கினு வந்துட்டான்னுல்ல நெனச்சிக்கினு இருந்தேன்!” என்று சொல்லி, அதே மூச்சில், “ஒருத்தியும் அடுப்புல கை வெக்காதீங்கடி! பானையத் தூக்கு! புள்ளைங்கள இழுத்துக்கினு தோப்புக்கு அந்தாண்ட ஓடு!” என்று எல்லோரையும் விரட்டினார்கள். பிடுங்கியதற்கு என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

அடுத்தது ரயில். விழுப்புரத்திலிருந்து பாசஞ்சர் வருகிற நேரம். தினமும் பாதையைச் சோதித்துக்கொண்டு நடக்கிற கீமேன் உத்திராபதி மாமா வடக்கேயிருந்து வந்துகொண்டிருந்தார். ஓடினேன். பதினைந்து நாளாக என்னைத் தூரத்தில் பார்த்திருக்கிறார், ஆனால் ஒருமுறைகூடப் பேசியதில்லை. “மாமா, குழாய் ஒழுவுது” என்றதும் ஒரு கேள்வி கேட்கவில்லை. இரண்டடி வைத்தார், மூக்கைச் சுளித்தார். “மேல கரண்டு கம்பி வேற. நீ உங்க ஆபீசுக்குச் சொல்லு. தள்ளிப்போய்ப் பேசு, இங்க நின்னு போன எடுக்காத” என்று சொல்லிவிட்டுச் சிவப்புக் கொடியோடு வடக்கே ஓடினார். ரயிலை நிறுத்தச் சொல்லித் தண்டவாளத்தில் வைக்கிற வெடி வைத்திருப்பார்கள் இல்லையா, அது வெடித்த சத்தம் எனக்குக் கேட்டது. ரயில் தூரத்திலேயே நின்றது, அக்கா! ஜன்னல் ஜன்னலாகத் தலைகள். அவர்களுக்கு எதற்கு நின்றோம் என்றே தெரியாது.

நான் தோப்பின் அந்தக் கோடிக்குப் போய், குழாய் போகிற வழியைக் காட்டுகிற மஞ்சள் கல்லில் எழுதியிருக்கிற அவசர நம்பருக்குப் பேசினேன். இதுதான் வெட்கக்கேடு. எடுத்தவர் உங்கள் பெயர் என்ன என்று கேட்டார். நான், “அந்தோணிசாமி” என்றேன். யாரு என்றார். “லைன் வாக்கர் அந்தோணிசாமி பேசறேன்” என்றேன், என்னுடைய இதே கீச்சுக் குரலில்! வேறு என்ன சொல்வது, டப்பா அப்பா பெயரில், புள்ளி அப்பா பெயரில். குரல் ஒரு மாதிரி இருக்கிறதே என்றார். சளி என்றேன். ஆபத்து நேரத்தில் சொன்ன பொய் சாவான பாவமா? என் பெயரைச் சொல்லாமல் மதரிடம் கேட்டு எழுது.

இரண்டு பக்கமும் வால்வை மூடினார்கள். தீயணைக்கிற நுரை வண்டி வந்தது. மத்தியானத்துக்கு மேல்தான் ரயில் விட்டார்கள். உள் குழாயில் ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டையாம். ஒழுகியது பெரிய குழாய்க்குள் தேங்கி, கடைசியில் பள்ளத்துக்கு வந்திருக்கிறது. பெட்ரோல் தேங்கிய கிழக்குப் பக்கத்துக் குழாயின் வாய் திறந்திருந்தால் ஒரு வாரத்துக்கு முன்பே தெளிவாக வாசம் காட்டியிருக்கும் என்று ஓட்டையை அடைக்க வந்த மெக்கானிக் உத்திராபதி மாமாவிடம் சொன்னார். பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு வாரம்.

சாயங்காலம் கம்பெனி அதிகாரி செந்தமிழ்செல்வன் சார் அப்பாவுக்குப் போன் செய்தார். “பிரமாதம் அந்தோணிசாமி! வர்ற வியாழக்கிழமை சிதம்பரம் ஸ்டேஷன்ல ரயில்வேயும் நாமளும் சேர்ந்து விசாரணை. வந்துடுங்க, பாராட்டுக் கடிதம் ரெடியா இருக்கு” என்றாராம். அப்பா போனை வைத்துவிட்டுக் கட்டுப்போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார். உத்திராபதி மாமா எழுதிக் கொடுத்ததில் ஒரு பெண் வந்து சொன்னாள் என்று இருக்கிறது. கம்பெனிக் காகிதத்தில் அந்தோணிசாமி என்று இருக்கிறது. வியாழக்கிழமை இரண்டும் ஒரே மேசைக்கு வரும். அப்பா நடக்கவில்லை என்று தெரிந்தால் வேலை போய்விடும். நான் டிபன் கொடுக்க வந்தேன், அப்பாதான் நடந்தார் என்று சொல்லிவிடலாம் என்கிறார் அப்பா. உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்கிறார்கள் அம்மா. என்னை இன்னும் யாரும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஒரு செபமாலை சொல்.

உன் மதி.


புதுச்சத்திரம்,
ஆகஸ்ட் 24, ஞாயிறு.

இயேசுவுக்குப் புகழ்.

அன்புள்ள அக்காவுக்கு, தாமதத்துக்கு மன்னித்துக்கொள். என்னென்னவோ நடந்துவிட்டது, உட்கார்ந்து எழுத இன்றைக்குத்தான் நேரம் வந்தது.

வியாழக்கிழமை ஆட்டோவில் போனோம். ஸ்டேஷனில் ஒரு நீள அறை. ரயில்வே பக்கம் பவானி மேடம் என்று ஒரு இன்ஜினீயர், கம்பெனி பக்கம் செந்தமிழ்செல்வன் சார். உத்திராபதி மாமா சுவரோரம் நின்றார். அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி உள்ளே போனார். என்ன ஆயிற்று என்று சார் கேட்க, “முள்ளு சார், இப்பத்தான்” என்றார். யாரும் கூப்பிடாமலே தில்லை அத்தை நான்கு பெண்களோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். “பொண்ண வெச்சி வெசாரிக்கறாங்களாம், வுட்ருவமா?” என்று சத்தமாகவே சொன்னார்கள்.

அக்கா, அந்த அவசர நம்பரில் பேசுவதெல்லாம் பதிவாகுமாம்! எனக்கு எப்படித் தெரியும்? எல்லோர் முன்னாலும் போட்டார்கள். “லைன் வாக்கர் அந்தோணிசாமி பேசறேன்” என்று என் கீச்சுக் குரல் அறை முழுக்கக் கேட்டது. பிறகு, “சளி.” உத்திராபதி மாமா துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். பவானி மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தில்லை அத்தை மட்டும், “சளி புடிச்சா ஆம்பள கொரலு இப்பிடி ஆவுமா சார்? அப்ப எங்க வூட்டுக்காரருக்கு வருசம் பூரா சளிதான்” என்றார்கள். அறையே சிரித்தது. செந்தமிழ்செல்வன் சார் சிரிக்கவில்லை. அப்பாவைப் பார்த்தார். அப்பா, “பொண்ணு டிபன் குடுக்க...” என்று ஆரம்பித்தார்.

நான் எழுந்து நின்றேன். யாரும் எழுந்து நிற்கச் சொல்லவில்லை, அக்கா.

“அது என் குரல்தான் சார். ஜூலை பதினேழுலேந்து நான்தான் நடக்கறேன். அப்பாவால கால் ஊன முடியல” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த வரவில்லை. அந்த ஆடி வெள்ளிக்கு முந்தின சனிக்கிழமையே வாசம் வந்தது என்றேன். துணியை அவிழ்க்கச் சொல்லி அப்பா தினமும் சொன்னார், அவிழ்த்துவிட்டதாகப் பொய் சொன்னேன் என்றேன். வாசத்தைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லையா என்று சார் கேட்டார். “ராஞ்சில இருக்கற எங்க அக்காவுக்கு எழுதுனேன் சார்.” அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பவானி மேடம் மெதுவாக, “ராஞ்சிக்கு எழுதத் தெரிஞ்ச பொண்ணுக்கு, வீட்ல இருக்கற அப்பாகிட்டச் சொல்ல ஏம்மா வரல?” என்று கேட்டார்கள். “எழுதறப்ப யாரும் என்னைப் பாக்கறதில்ல மேடம்” என்றேன்.

மேடம் அதை எழுதிக்கொண்டார்கள். பிறகு செந்தமிழ்செல்வன் சார் அப்பாவைத்தான் கேட்டார். “அன்னிக்கு அங்க தீப்பிடிச்சிருந்தா நாங்க யாரத் தேடியிருப்போம் அந்தோணிசாமி? உங்களத்தான் தேடியிருப்போம். நீங்க வீட்ல இருக்கீங்கன்னு தெரிஞ்சதும் தேடறத நிறுத்தியிருப்போம். இந்தப் பொண்ணு அங்க இருந்துச்சுன்னு எங்க காகிதம் எதுலயும் இல்ல.” அப்பா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். ஆயா செத்தபோதுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை. அந்த இடத்தில்தான் எனக்கும் பயம் வந்தது, ஒரு வாரம் கழித்து.

பாராட்டுக் கடிதத்தைச் சார் ஃபைலுக்குள்ளேயே வைத்துவிட்டார். அப்பாவுக்கு எழுத்தில் எச்சரிக்கை. கால் ஆறி டாக்டர் கடிதம் கொடுத்த பிறகுதான் திரும்ப எடுப்பதா என்று முடிவு செய்வார்களாம். இப்போது சடையப்பன் என்று ஒருவர் நடக்கிறார். அம்மா பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொட்டை உடைக்கப் போகிறார்கள். கஷ்டம்தான். ஆனால் வீட்டில் யாரும் யாரையும் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை.

எங்களை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு விடவில்லை. பவானி மேடம் தங்கள் ஃபைலிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தார்கள். வைகாசியில் அப்பா சொல்லி அனுப்பிய அதே புகார். இரண்டு மாதத்துக்கு மேல் இரண்டு ஆபீஸும் மாறி மாறி முத்திரை குத்தியிருந்தார்கள். “இதுக்கு நாங்களும் பதில் சொல்லணும் சார், நீங்களும் பதில் சொல்லணும்” என்றார்கள். அன்றைக்கே இருவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். இனி மூச்சுக் குழாயைச் சுத்தம் செய்யத் தனி அனுமதி வேண்டாம். வாரம் ஒருமுறை கீமேனும் லைன் வாக்கரும் சேர்ந்து நின்று பார்க்க வேண்டும். சுற்றிலும் வேலி. தில்லை அத்தை எழுந்து, “வேலி போடுங்க, எங்க ஆத்தா எங்க போவும்?” என்று கேட்டார்கள். சார் பவானி மேடத்தைப் பார்த்தார். நான்தான் சொன்னேன், தோப்புக்கு மேற்கே மேடான இடத்தில் பனைமரம் இருக்கிறது, ஆவி மேட்டில் ஏறாது என்று. சார் போய்ப் பார்த்துச் சரி என்றார்.

கடைசி ஆடி வெள்ளிக்கு அங்கேதான் படையல். அத்தை ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார்கள். கையில் தீப்பெட்டியோடு, “நீ மொதல்ல மோந்துட்டு சொல்லுடி, அப்புறந்தான் ஏத்துவேன்” என்றார்கள். மோந்து பார்த்தேன். சவுக்கு வாசம், பொங்கல் வாசம் மட்டும்தான். ஏத்துங்க அத்த என்றேன். எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். குரல் வந்தது.

லைன் வாக்கராகச் சேர என்ன வேண்டும் என்று பவானி மேடத்திடம் கேட்டேன். பதினெட்டு வயது, பத்தாம் வகுப்பு, கம்பெனியின் பயிற்சி என்றார்கள். பதினெட்டு தை மாதம் ஆகிவிடும். பத்தாம் வகுப்பைத் தனித் தேர்வராக எழுதப் போகிறேன். புத்தகங்களை அம்மா பரணிலிருந்து இறக்கிக் கொடுத்துவிட்டார்கள், பல்லி முட்டையோடு!

இப்போது ஒரு முக்கியமான விஷயம். என் முதல் கடிதத்தைக் கிழித்துவிட்டாயா? கிழிக்காமல் இருந்தால் உடனே திருப்பி அனுப்பு. வாசம் முதலில் எந்த நாளில் வந்தது என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சியாம், ஃபைலில் வைக்க வேண்டும் என்று சார் கேட்கிறார். அது எனக்கு எதிராகத்தான் இருக்கும். பரவாயில்லை, அனுப்பு.

அனுப்புவதற்கு முன்னால் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் எல்லா சிஸ்டர்களுக்கும் அதைச் சத்தமாக வாசித்துக் காட்டு, அக்கா. மதருக்கு ஹிந்தியில் சொல். சளி வருகிற இடத்தில் எல்லோரும் சிரிக்கட்டும், அது இரண்டாவது கடிதத்தில் இருக்கிறது, அதையும் வாசி. யார் எழுதியது என்று கேட்டால் பெயரைச் சொல்.

ஆண்டவர் உன்னைக் காப்பாராக. எங்களையும், அந்தப் பாதையில் எதற்கு நின்றோம் என்று தெரியாமல் போகிறவர்களையும்.

அந்தோணிசாமி மகள்
அறிவுமதி.